காகிதத்தில் சுற்றிய களை

கோபாலபுரம் சோதனைச் சாவடிக்கு
இந்தப் பக்கம் நாற்பது தப்படியில் என் மருந்துக்கடை.
வயலெல்லாம் அந்தப் பக்கம்.
களையின் பெயர் தெரியாதவர்கள்
களையையே பிடுங்கி வருவார்கள்
மலையாளப் பத்திரிகையில் சுற்றி,
வேர்ச்சேற்றில் தலைப்புச் செய்தி ஊறிப்போயிருக்கும்.

கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் விரிப்பேன்.
தண்டை விரலிடுக்கில் உருட்டினால் மூன்று பட்டை:
கோரை.
இலை மடிகிற கழுத்தில் நாக்கு இல்லையென்றால்
குதிரைவாலிப் புல். அவர்கள் கவட என்பார்கள்.
நெல்லுக்கு நாக்கு உண்டு.
இதைத் தெரிந்துகொள்ள எனக்கு
இரண்டு போகமும் ஒரு பூதக்கண்ணாடியும் ஆனது.

'நட்டு எத்தனை நாள்?'
'பதினெட்டு.'
'தண்ணிய வடிச்சுட்டு அடிங்க.
மூணாம் நாள் திரும்பக் கட்டுங்க.
டேங்குக்கு ஒரு மூடி.
காத்துக்கு எதுக்க நிக்காதீங்க.'
தலையாட்டிக்கொண்டே போய்
ஒன்றரை மூடி ஊற்றுவார்கள்.

ஒரு மருந்தை அங்கே விற்கக் கூடாது.
அதை வாங்குகிறவர்கள் பெயர் சொல்வதில்லை,
'அது' என்பார்கள்.
தவிட்டு மூட்டைக்குள் படுத்தபடி
அது சாவடியைத் தாண்டும்.
பில்லில் நான் தென்னந்தோப்பு என்று எழுதுவேன்,
இந்தப் பக்கத்துத் தென்னந்தோப்பு.
என் கையெழுத்து அந்த ஒரு வரியில் மட்டும்
கொஞ்சம் சாய்ந்திருப்பதாக
ஆடிட்டர் சொன்னார்.

ஆடி முதல் வாரம் ரங்காத்தாள் வந்தாள்.
இருபது பேரைக் கூட்டிக்கொண்டு
களையெடுக்கப் போய்க்கொண்டிருந்தவள்.
இப்போது முதுகில் வாடகைத் தெளிப்பான்.
'ஏக்கருக்குப் பத்து டேங்கு. நா ஒருத்தி போதும்.'
மீதிப் பத்தொன்பது பேரை நான் விசாரிக்கவில்லை.
அவளாகவே சொன்னாள்:
ஆறு பேர் சூளைக்கு, நாலு பேர் பனியன் கம்பெனிக்கு,
மாரக்காளுக்கு முட்டி தேஞ்சுபோச்சு,
மத்தவங்க எம்மேல பேச்சில்ல.

கம்பெனி கொடுத்த கையுறை ஒரு ஜோடி கொடுத்தேன்.
மறுவாரம் அவள் மகன்
அதைப் போட்டுக்கொண்டு கிரிக்கெட்டில்
விக்கெட் கீப்பராக நின்றான்.

'ஆரைக்கீரைய மட்டும் உட்டுட்டு அடிக்க முடியாதா?'
போகும்போது கேட்டாள்.
மருந்துக்கு அது கீரை என்று தெரியாது என்றேன்.
தெளிக்கிற நாளுக்கு முந்தின சாயங்காலம்
மடி கொள்ளாமல் பறித்து
எனக்கும் ஒரு கை வைத்துவிட்டுப் போனாள்.
பாசிப்பருப்புப் போட்டுக் கடைந்தேன்.
நாலு இதழும் மசிந்த பிறகு
வெறும் பச்சை.

நேற்று வண்ணாமடைக்காரர் சாத்துக்குட்டி வந்தார்.
காகிதத்தைப் பிரித்ததும் சிரித்துவிட்டேன்:
'நெல்லையே புடுங்கிட்டு வந்திருக்கீங்க.'
அவர் சிரிக்கவில்லை.
கழுத்தைப் பார்த்தேன். நாக்கு இருந்தது.
கண்ணாடி வைத்தும் பார்த்தேன்.
பிறகு கதிரை.
மணிதோறும் நீண்ட சிவந்த வால்,
தொட்டால் உதிர்கிறது.

வரிநெல்.
அறுக்கும் முன்னே தானாய்க் கொட்டி,
அடுத்த பூவுக்கு விதைக்கும் முன்னே முளைத்துவிடும்.
நெல்லைக் காப்பாற்றும் எந்த மருந்தும்
இதையும் காப்பாற்றும்.
இதைக் கொல்வது நெல்லையும் கொல்லும்.
போன மாதமே வந்திருந்தால்,
ஒரு சாண் உயர்ந்து நிற்கும்போதே
நனைத்த துணியால் அதன் தலையை மட்டும்
துடைத்து விட்டிருக்கலாம்.
பயிருக்கு ஒரு பொட்டும் சிந்தாமல்,
மூன்று ஏக்கர் முழுக்க,
நடக்கிற காரியமாகத்தான் சொன்னேன்.

'அப்போ மருந்நு இல்லே?'
'இல்லா' என்றேன்.
எந்த பாஷையில் சொன்னேன் என்று
அவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.
பதினோரு வருஷத்தில்
இந்தக் கடையில் அந்த வார்த்தை
கடன் கேட்டவர்களிடம் மட்டுமே சொன்னது.

காகிதத்தை அப்படியே விட்டுவிட்டுப் போனார்.
காலையில் கடை திறந்தபோது
கணக்கு நோட்டின் மேல் பதினான்கு மணிகள்.
உள்ளங்கையில் கூட்டி எடுத்தேன்.
ஒன்று மேஜையின் பிளவில் விழுந்துவிட்டது.
கொண்டை ஊசியால் அதை நோண்டிக்கொண்டிருக்கையில்
யாரோ வந்து
எதிரில் இன்னொரு ஈரப் பொட்டலத்தை
வைக்கிறார்கள்.